‘மொத்தம்’ என்ற பெயரோடு பட்ட பாடு

மாசியில் காலபோக வெட்டு முடிந்து நெல் மூட்டைகள் முற்றத்தில் அடுக்கிக் கிடந்தன. பரந்தனில் எங்கள் வீட்டு நெல்லுக் கணக்கு அப்பாவின் பொறுப்பு, சி.ஆர். கொப்பியில் பென்சிலால் எழுதுவார். நான் அப்போதுதான் இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் படிக்கத் தொடங்கியிருந்தேன். பயிற்சிக்கு மூட்டைக் கணக்கையே எடுத்துக்கொண்டேன்.

நிரலில் மதிப்புகளைப் போட்டு வைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று அறிந்தபோது பெரிய சந்தோசம். பெயர் இலக்கத்தில் தொடங்கக் கூடாது, நடுவில் இடைவெளி கூடாது, மாறியை அறிவிக்கும் ‘லெட்’ போல மொழி தனக்கென்று வைத்திருக்கும் சொல்லாக இருக்கக் கூடாது. மற்றபடி தமிழ் எழுத்து செல்லும். ‘லெட் மொத்தம் = 0’ என்று அறிவித்தேன், வேலை செய்தது.

அடுத்த நாள் போனில் தட்டி வைத்திருந்த ஒரு வரியைக் கொண்டுவந்து ஒட்டியதும், அப்படியொரு மாறியே இல்லை என்று பிழை வந்தது. கண்ணுக்கு இரண்டும் அதே ‘மொத்தம்’தான். ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது. ‘மொ’வில் வரும் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாகவும் பதியலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் வித்தியாசம் தெரியாது; ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்று இதற்காகச் சொல்ல மாட்டேன். ஒகர, ஓகாரம் வராத சொல்லாகப் பார்த்து வையுங்கள். நான் ‘கூட்டு’ என்று மாற்றினேன்.

பிறகு எடை. விவரம் கேட்டு வாங்கும் ‘ப்ராம்ப்ட்’ பெட்டியில் 62, 65 என்று இரண்டு மூட்டைகளைக் கொடுத்தேன். வர வேண்டியது 127. வந்தது 06265! அந்தப் பெட்டி தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். கூட்டல் குறி அதைத் தொடக்கத்து 0இன் பின்னால் ஒட்டிவிடும். பெருக்கும்போது தானே எண்ணாக்கிக்கொள்வதால் விலைக் கணக்கு சரியாக வந்தது, அதனால்தான் அந்தப் பெட்டிமேல் எனக்கு முதலில் சந்தேகமே வரவில்லை. வாங்கியவுடன் ‘நம்பர்’ போட்டு எண்ணாக்கினால் சரி.

ஈர நெல்லைத் தனியாகக் கூட்டும்போது இன்னொரு பிழை. பழைய பாடமொன்றைப் பார்த்து எல்லா ‘லெட்’டையும், மாறியை அறிவிக்கும் பழைய சொல்லான ‘வார்’ ஆக்கியிருந்தேன். நிபந்தனை போடும் ‘இஃப்’ அடைப்புக்குள் மறுபடியும் ‘வார் கூட்டு = 0’ என்று எழுத, வெளியே இருந்த கூட்டுத்தொகை அழிந்துபோனது. ‘வார்’ அந்த அடைப்பை மதிக்காது. உள்ளேயும் வெளியேயும் ஒரே மாறிதான். 2015இல் வந்த ‘லெட்’டுக்கும், மறுபடி மதிப்புக் கொடுக்காத பெயர்களுக்கான ‘கான்ஸ்ட்’டுக்கும் அடைப்பு ஒரு வேலி. புதிதாகப் படிக்கிறவர்கள் ‘வார்’ பக்கம் போகவே தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கிலோ விலையை ‘கான்ஸ்ட்’ என்று அறிவித்திருந்தேன். இரண்டாவது வியாபாரி வந்து வேறு விலை சொன்னார். அதை அதே பெயரில் போட்டதும், மாறாததற்கு மறுபடி மதிப்புக் கொடுக்க முடியாதென்று நிரல் நின்றது. அப்பாவிடம் காட்டினேன்.

“பிள்ளை, ரெண்டு பேரின்ர விலையையும் வேற வேறயா எழுது. முதல் ஆளுக்குப் பத்து மூட்டை ஏத்தியாச்செல்லோ?”

‘விலை1’, ‘விலை2’ என்று இரண்டு ‘கான்ஸ்ட்’ எழுதினேன். அப்பா கொப்பியை விரித்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கத் தொடங்கினார்.