கெய்கர் டியூப் செத்துவிட்டதா, மீட்டர் ஏமாற்றுகிறதா?

கதிர்வீச்சை எண்ணும் எஸ்பிஎம்-20 கெய்கர் டியூபை மாட்டி சப்ளையைப் போட்டதும் ஒரு 'டிக்' கூட வரவில்லையா? டியூபைத் தூக்கிப் போடும் முன் மல்டிமீட்டரைச் சந்தேகப்படுங்கள்.

வீட்டில் செய்யும், வோல்டேஜை ஏற்றித் தரும் சின்ன பூஸ்ட் சர்க்யூட்டால் சில மைக்ரோ ஆம்பியர்தான் கொடுக்க முடியும். 10 மெகா ஓம் மீட்டரோ 400 வோல்ட்டில் 40 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும். 'இருநூற்றைம்பதுதானே காட்டுகிறது' என்று திருகி ஏற்றினால், மீட்டரை எடுத்த நொடியில் டியூபுக்கு எக்கச்சக்கமாகப் போகும். மீட்டரோடு தொடரில் 1 கிகா ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்; 100 மெகா ஓம் பத்து சேர்த்தாலும் சரி. காட்டுவதை 101 ஆல் பெருக்கினால் உண்மை வோல்டேஜ்: 400க்கு 3.96 காட்டும். ரெசிஸ்டரில் விரல் பிசுக்கு பட்டால் அதன் வழியே மின்சாரம் கசிந்து அளவு கூடிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடையுங்கள்.

ஆசிலாஸ்கோப்பும் இதே வேலையைத்தான் செய்யும். சப்ளைக்கும் டியூபுக்கும் நடுவே உள்ள 5.1 மெகா ஓம் ரெசிஸ்டருக்கு அப்பால், ஆனோடில் (டியூபின் + முனையில்) 10 மெகா ஓம் புரோபை வைத்தால் 400 வோல்ட் 265 ஆகிவிடும், டியூப் எழாது. கேத்தோடுக்கும் (மறுமுனை) கிரவுண்டுக்கும் நடுவே 100 கிலோ ஓம் போட்டு, பல்ஸை அங்கே பாருங்கள்.

5.1 மெகா ஓம் ஆனோடை ஒட்டியே இருக்கட்டும். + குறி உள்ள முனைதான் ஆனோடு. மாற்றிக் கொடுத்தால் டியூப் கெடும். முனையில் சால்டர் வைக்கவே கூடாது, ஃப்யூஸ் கிளிப் போதும்.

இனி வோல்டேஜை 25, 25 ஆக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் எண்ணுங்கள். 260 முதல் 320க்குள் எண்ணத் தொடங்கி, 350 முதல் 475 வரை ஏறக்குறைய சமமாக ஓட வேண்டும்; இந்தச் சமமான பகுதிதான் பிளாட்டோ. 350இல் 3000, 450இல் 3210 என்றால் வோல்ட்டுக்கு 0.07 சதவீதம், 0.1 வரை நல்ல டியூப்தான். 475க்குள்ளேயே எண்ணிக்கை எகிறினால் டியூப் ஓய்ந்துவிட்டது. 475க்கு மேல் ஏற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

இவ்வளவு எண்ணிக்கைக்குத் தோரியம் கலந்த பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டில் வேண்டும். அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்காதீர்கள், தூள் மூச்சில் போகக் கூடாது. புது மேன்டில்கள் பலவற்றில் தோரியமே இல்லை. பொட்டாஷ் உரம் கிராமுக்கு 16 பெக்கெரல் (நொடிக்கு 16 அணுச் சிதைவு) அளவுதான். டியூபுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க உதவும், பிளாட்டோ வரைய உதவாது.

எதுவும் வைக்காமல் நிமிடத்துக்கு 20 வாக்கில் வரும். ஒரு நிமிடம் 14, அடுத்த நிமிடம் 27 வந்தால் பழுது இல்லை, கதிர்வீச்சு சீராக வராது. பத்து நிமிடம் எண்ணி 200 வந்தாலும், அதில் 14 முன்னே பின்னே இருக்கும்.