பில்லில் டிசைனுக்கு என்று ஒரு வரி எழுதுவதில்லை

நகைக்கடை பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தங்கம் இத்தனை கிராம், இன்றைய ரேட் இவ்வளவு, சேதாரம் இத்தனை சதவீதம், செய்கூலி, கல் விலை, ஹால்மார்க் கட்டணம், கடைசியில் 3 சதவீத ஜிஎஸ்டி. எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அந்த மோதிரம் எப்படி இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தவருக்கு மட்டும் இல்லை. கோயம்புத்தூரில் ஆர்டர் எடுத்துச் செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. ஒருவர் யோசித்துச் செய்த மோதிரத்தை இன்னொருவர் அப்படியே காப்பி அடித்துச் செய்வது இங்கே இவ்வளவு சாதாரணமாக நடப்பதற்கு யாருடைய கெட்ட எண்ணத்தையும் விட பில்லில் எழுதாமல் விட்ட இந்த ஒரு வரிதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாடிக்கையாளர்கள் போனில் ஒரு படத்தோடு வருவார்கள். "இதே மாதிரி பண்ணிக் குடுத்துருங்கண்ணா, அங்க சேதாரம் 18 சொல்றாங்க, உங்ககிட்ட கம்மியா வருமில்ல?" கேட்பவர்கள் முகத்தில் துளி சங்கடம் இருக்காது, இருக்கவும் நியாயமில்லை. தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்பது போலத்தான் அவர்களுக்கு அது. டிசைனுக்கு என்று அவர்கள் எங்கேயும் தனியாகக் காசு கொடுத்ததே இல்லையே, அப்புறம் அது ஒருவருடைய பொருள் என்று எப்படித் தெரியும்? உண்மையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கேட்கும் 18 சதவீதத்துக்கும் இங்கே வரும் 10 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் ஒரு பகுதி அதுதான். அதைச் 'சேதாரம்' என்ற பெயரில் வாங்கி, ஏதோ தங்கத்தூள் காற்றில் பறந்ததற்கான காசு போலக் காட்டியது எங்கள் தொழில்தானே.

இப்படி வரும் படங்களில் பெரும்பாலானவற்றைச் செய்து கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது. V போல வளைந்த வங்கி மோதிரம், நெளி மோதிரம், நவரத்தின மோதிரம் எல்லாம் எந்தக் கடைக்குச் சொந்தம்? ஆறு கொக்கி வைத்து ஒற்றை வைரத்தைத் தூக்கிக் காட்டும் மோதிரத்தை டிஃபனி 1886-இல் கொண்டுவந்தது, இன்று அது இல்லாத நகைக்கடையே இல்லை. 1981-இல் டயானா போட்ட, நீலக்கல்லைச் சுற்றி வைரம் வைத்த நிச்சயதார்த்த மோதிரமும் அப்படித்தான். அது அவருக்கென்று வரைந்ததே இல்லை, கடை கேட்லாக்கில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சாயலில் ஒன்று கேட்டால் தாராளமாகச் செய்யலாம், டிஃபனி என்றோ டயானா மோதிரம் என்றோ பெயர் போட்டு விற்காத வரைக்கும்.

ஒருவருக்காகவே யோசித்து வரைந்த மோதிரத்தின் கதை வேறு. எங்களிடம் ஒரு ஜோடி வந்தார்கள். பெண்ணின் அம்மா கட்டிய கல்யாணச் சேலையின் கோபுரக் கரை மோதிரத்தில் சுற்றி வர வேண்டும், அம்மா உயிரோடு இல்லை. கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் கோபுரம் வட்டமாகச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முழுசாக முடிய வேண்டும், எங்கேயும் பாதியில் வெட்டுப்படக் கூடாது. அதற்கு அந்த விரலின் சுற்றளவை வைத்து எத்தனை கோபுரம், ஒவ்வொன்றும் என்ன அகலம் என்று கணக்குப் போட வேண்டும். மெலிந்தால் பாலிஷ் போடும்போது நுனி தேய்ந்துவிடும், தடித்தால் சேலைக் கரை போல இல்லாமல் ரம்பம் போல ஆகிவிடும். கம்ப்யூட்டரில் வரைந்து, மெழுகில் பிரிண்ட் எடுத்து, விரலில் போட்டுப் பார்த்து, திரும்ப மாற்றி, அப்புறம்தான் தங்கத்தை உருக்கி வார்க்கும் காஸ்டிங்குக்குப் போனது.

கல்யாணப் படங்கள் வெளியானபின் அந்தப் பெண்ணே கூப்பிட்டார். "அண்ணா, நம்ம மோதிரத்தை வேற யாருக்காவது பண்ணிக் குடுத்தீங்களா?" வேறொரு கடையின் விளம்பரப் படத்தில் அதே கோபுரக் கரை, நடுவில் ஒரு கல் மட்டும் கூடுதல். சந்தேகம் நேராக என் மேல்தான் வந்தது, அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்: பக்கவாட்டில் ஒரு இடத்தில் பாதிக் கோபுரம் வெட்டுப்பட்டு நின்றது. போட்டோவில் முன்பக்கம்தான் தெரியும். வளையம் எவ்வளவு தடிமன், கல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, பின்னால் எப்படிச் சேர்கிறது எதுவும் தெரியாது, அதனால் படத்தைப் பார்த்துச் செய்ததில் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் குட்டு உடையும். அந்தக் கடையின் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. எனக்குப் போனது ஒரு டிசைன், அவ்வளவுதான். அம்மாவின் சேலை இப்போது எந்த அளவிலும் கிடைக்கும் ஒரு மாடலாகிவிட்டது, அந்தப் பெண்ணுக்குப் போனதை எந்த ரேட்டில் கணக்குப் போடுவது என்று தெரியவில்லை.

கேஸ் போட வேண்டியதுதானே என்பார்கள். டிசைன் சட்டம், 2000 இருக்கிறது, பதிவு செய்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் பாதுகாப்பு. ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே டிசைன் வெளியே தெரிந்திருக்கக் கூடாது. செய்து முடித்ததும் இன்ஸ்டாகிராமில் போடுகிற பழக்கம் உள்ள எங்களுக்கு அங்கேயே கதை முடிந்தது. பதிவு இருந்து, காப்பி என்று நிரூபணமும் ஆனால், தடையாணையும் நஷ்ட ஈடும் கேட்டுத் தனியாக வழக்கு நடத்தலாம். அப்படி இல்லாமல் சட்டமே ஒரு தொகையாகச் சொல்வது ஒரு டிசைனுக்கு மொத்தமாக 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. தங்கம் விற்கிற விலைக்கு அது எத்தனை கிராம் என்று நீங்களே பாருங்கள். இன்னொரு பக்கம் பதிப்புரிமைச் சட்டத்தில், பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனைப் பதியாமல் விட்டு, அதை வைத்து உற்பத்தி முறையில் 50 தடவைக்கு மேல் பொருள் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்று இருக்கிறது. ஒன்றே ஒன்று செய்த மோதிரத்துக்கு இது சாதகம்தான், அதற்காக ஒரு மோதிரத்துக்கு வக்கீல் வைக்கப் போகிறவர் யார்? டிசைன் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: உரிய பணம் வாங்கிக்கொண்டு ஒருவருக்காக வரைந்த டிசைன், வரையச் சொன்னவருக்கே சொந்தம் என்கிறது அது. அதாவது, கோபுரக் கரை மோதிரத்தில் என்னை விட அந்தப் பெண்ணுக்குத்தான் உரிமை அதிகம்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதற்கு ஒரு பழைய அமெரிக்க வழக்கு எனக்கு உதவுகிறது. கல் பதித்த தேனீ வடிவ ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) செய்த ஒரு கம்பெனி, அதே போல இன்னொருவர் செய்ததும் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு, நாங்கள் நிஜத் தேனீயைப் பார்த்துத்தான் வரைந்தோம் என்றது. கல் பதித்த தேனீ என்ற யோசனையை யாரும் பூட்டி வைக்க முடியாது என்று 1971-இல் தீர்ப்பு வந்தது. ஜெர்மனியில் நேர்மாறாக ஒன்று நடந்தது. நீஸிங் கம்பெனியின் மோதிரத்தில் கொக்கியே கிடையாது, வளையத்தின் இரண்டு முனைகளும் அழுத்துகிற அழுத்தத்தில் வைரம் அந்தரத்தில் நிற்கும். அதைக் கலைப்படைப்பாகவே ஏற்றுப் பதிப்புரிமை கொடுத்தது அங்குள்ள நீதிமன்றம். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். படத்தில் இருப்பது தேனீயா, மாங்காயா, சேலைக் கரையா, அது எனக்கும் உண்டு, நானே போய்ப் பார்த்து வரைவேன். அதை வரைந்தவர் எடுத்த முடிவுகளை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

"எங்க அப்பா காலத்துல எல்லாரும் பாத்துப் பாத்துத்தானே கத்துக்கிட்டாங்க" என்று ஆசாரிகளே சொல்வார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கற்றார், குரு செய்ததைப் பார்த்து, குரு பக்கத்திலேயே உட்கார்ந்து, தப்பினால் அவர் கையால் குட்டு வாங்கி. அதில் திருட்டு எங்கே இருக்கிறது? முகம் தெரியாதவருடைய போட்டோவைப் பார்த்துச் செய்து, அவர் ரேட்டை விடக் குறைத்து, அவர் வாடிக்கையாளருக்கே விற்பதற்கு இந்தச் சமாதானம் செல்லாது.

சங்கடமான கேஸ்களும் வரும். மோதிரம் தொலைந்துவிட்டது, செய்த ஆசாரி காலமாகிவிட்டார் அல்லது கடை மூடிவிட்டது, அதே போல வேண்டும் என்பார்கள். மறுபேச்சில்லாமல் செய்வேன். செய்தவர் இருக்கிறார், ஆனால் அவரோடு சண்டை என்றால், முதலில் அவருக்கு ஒரு போன் போடுவேன். ஒருவரும் இதுவரை என்னைத் திட்டியதில்லை, சிலர் டிசைன் பைலையே அனுப்பி வைத்தார்கள். மெழுகு மாதிரிகளை வார்த்தெடுக்கும் ரப்பர் அச்சு, அதாவது மோல்டு, காஸ்டிங் கடைகளிலேயே தங்கிவிடுவது இன்னொரு தலைவலி. யார் கொடுத்த மோல்டில் யாருக்கு மெழுகு போகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. ஒருவருக்கென்று செய்த டிசைன்களின் மோல்டை இப்போதெல்லாம் நான் கையோடு வாங்கி வந்து, வாடிக்கையாளர் முன்னால் வெட்டிப் போட்டுவிடுகிறேன்.

அப்புறம், பில்லை மாற்றினேன். டிசைனுக்கு என்று தனியாக ஒரு வரி எழுதி, சேதாரத்தை அந்த அளவுக்குக் குறைத்து. மொத்தத் தொகை கிட்டத்தட்ட பழையதுதான், ஆனால் "டிசைன்னு தனியா எதுக்குங்க?" என்ற கேள்வி தினமும் வருகிறது. விளக்கம் கேட்டுச் சிரித்துக்கொண்டே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த வரியைப் பார்த்ததும் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். படத்தோடு வருபவர்களிடம் இப்போது முதலில் கேட்பது, இதில் உங்களுக்குப் பிடித்தது எது என்று. பாதிப் பேருக்குப் பிடித்தது கல்லின் நிறமாகத்தான் இருக்கிறது.