மைனஸ் 27

மார்ச் 3, செவ்வாய்

மோடத்தில் சிவப்பு விளக்கு, நெட் இல்லை. இரவு 8:52.

மார்ச் 4, புதன்

காலையில் எழுந்து பார்த்தால் பச்சை. நான் ஒன்றுமே செய்யவில்லை. ராத்திரி ஊர் சுற்றிவிட்டு வந்த பிள்ளை சத்தமில்லாமல் பாயில் படுத்துக்கொண்ட மாதிரி, தானாக வந்து எரிந்துகொண்டிருக்கிறது.

நேற்று கஸ்டமர் கேரில் எடுத்த பெண், "மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?" என்றாள். நாலு தடவை பண்ணிட்டேன். "இன்னொரு தடவை பண்ணுங்க சார், நான் லைன்லயே இருக்கேன்." பண்ணினேன். அவளும் லைனிலேயே இருந்தாள். பின்னால் பத்துப் பேர் பத்து மோடத்தை அணைக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பாவம், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது. ஆனாலும் திட்டினேன்.

அக்கா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். 8:58, 9:04, 9:31. அம்மா போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே தூங்கியிருந்தாள்.

மார்ச் 5, வியாழன்

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். யாரும் வரவில்லை. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கீழே ஒரு லிங்க். அதைத் திறக்க நெட் வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

மோடத்துக்குள் ஒரு பக்கம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைப் போட்டால் திறக்கிறது. உள்ளே நாலைந்து பக்கம் தாண்டி, 'ஆப்டிகல் பவர்' என்று ஒரு வரி. மைனஸ் 23.9 டிபிஎம்.

ஆபீஸ் வேலையை அப்படியே போட்டுவிட்டு இதையே படித்துக்கொண்டிருந்தேன். மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது, ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்வது. மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 வரைக்கும் இருந்தால் சமாளித்துவிடும். அதற்கும் கீழே போனால் அதற்குக் கண் தெரியாது, சிவப்பு. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் வெளிச்சம் பாதியாகிவிடும். மைனஸ் 27 என்றால் ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. அந்த ஐந்நூறில் ஒரு பங்கில்தான் அக்காவின் முகம் வர வேண்டியிருக்கிறது.

6:10 – மைனஸ் 24.0
7:30 – மைனஸ் 24.0
8:45 – மைனஸ் 27.6
8:50 – சிவப்பு

மார்ச் 7, சனி

நோட்டில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். காய்ச்சல் வந்த வீட்டில் தலைமாட்டில் எழுதி வைப்பார்களே, அதே மாதிரி. அம்மாவும் கேட்கிறாள், "இப்ப எவ்வளவுடா?"

"24."

"அது நார்மலா?"

பகலில் எப்போதும் நார்மல்தான்.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியதை நினைத்தால் வயிறு எரிகிறது. மற்ற கம்பெனி கேட்பதில் பாதி. மாதாமாதம் கட்டியிருந்தால் போன மாதமே கும்பிடு போட்டிருக்கலாம். "எல்லாம் ஒரே கண்ணாடி இழைதான், இவனும் 100 எம்பிபிஎஸ் அவனும் 100 எம்பிபிஎஸ், பேருக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்" என்று அன்றைக்கு அம்மாவிடம் பெரிய மேதாவி மாதிரி பேசினேன். 100 எம்பிபிஎஸ் என்பதை எட்டால் வகுத்தால்தான் நொடிக்கு எத்தனை எம்பி என்று தெரியும் என்பதையும் சேர்த்தே விளக்கினேன். 12.5. அம்மா தலையாட்டினாள்.

மொட்டை மாடிக்குப் போனால் செல்போனில் இரண்டு கோடு வரும். அம்மாவின் முட்டிக்கு அந்தப் படிகள் ஆகாது. நான் மட்டும் போய்ப் பேசிவிட்டு வந்து சொன்னால், "அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்பாள். பேசத்தான் முடிந்தது என்றால், "அவ குரல்ல பொய் சொல்லுவாடா, மூஞ்சில வராது."

மார்ச் 10, செவ்வாய்

அக்காவுக்கு 32 வாரம். காலண்டரில் அம்மா வட்டம் போட்டிருக்கிறாள்.

பதினோரு மணிக்கு ஒருத்தர் வந்தார். பவர் மீட்டரைச் சொருகினார். "மைனஸ் 24. சூப்பரா இருக்கு சார்." ராத்திரிதான் போகுது என்றேன். "இப்ப இருக்கே சார்." நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்.

இரவு 8:49. சிவப்பு.

மார்ச் 11, புதன்

தூக்கம் வரவில்லை. பிங் ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்ன புரோகிராம். நீர்மூழ்கிகள் தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். அந்தச் சத்தத்தைத்தான் பெயராக வைத்தார். இருக்கிறாயா என்று கேட்பது, பதில் வர எத்தனை நேரம் என்று எண்ணுவது, அவ்வளவுதான் அதன் வேலை. ராத்திரி முழுக்க 'டைம்டு அவுட்', 'டைம்டு அவுட்' என்று வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. 6:20-க்குத் திடீரென்று 14 மில்லிசெகண்ட். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

6:20-க்கு அப்படி என்னதான் நடக்கிறது?

மார்ச் 13, வெள்ளி

கட்டையில போறவன்கள்.

மார்ச் 14, சனி

இன்றைக்கு வந்த தம்பி வேறு ஆள். சாயங்காலம் நாலு மணிக்கு வர வேண்டியவன், ஏழு வீடு முடித்துவிட்டு எட்டரைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்டான். அவன் தாமதமாக வந்ததுதான் நல்லதாகப் போயிற்று.

மீட்டரில் மைனஸ் 27.8. "பகல்ல 24 வருதா?" என்று நோட்டை வாங்கிப் புரட்டினான். முதல் பக்கத்திலிருந்து படித்தான். எனக்குத் தொண்டையை அடைத்தது, நிஜமாகவே. பிறகு பேனா மாதிரி ஒன்றை எடுத்து ஒயரின் முனையில் மாட்டிவிட்டு, "சார், லைட்டை அணைங்க."

அணைத்தேன். சுவரோரமாகப் போகும் மஞ்சள் ஒயர் இருட்டில் தெரியவே இல்லை. ஜன்னல் சட்டத்தில் மட்டும் ஒரு புள்ளி, செக்கச்செவேலென்று, ஊதுவத்தி நுனி மாதிரி.

"ஏப்பா, அங்கேயும் சிவப்பா?" என்றாள் அம்மா.

இணைப்புக் கொடுக்க வந்தவன் சுவரில் துளை போடச் சோம்பல்பட்டு ஜன்னல் வழியாகவே ஒயரை இழுத்திருக்கிறான். ராத்திரி குளிருக்கு அம்மா கதவை இறுக்கிச் சாத்துவாள். காலை 6:20-க்கு எழுந்ததும் திறப்பாள். சாத்தும்போது இழை மடங்குகிறது, மடங்கிய இடத்தில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடுகிறது. நெட்டைக் கொண்டுவரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அவன் பேனாவின் சிவப்பு கண்ணுக்குத் தெரியும், அதே இடத்தில் அதுவும் கசியும்.

அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் செய்த தப்பு எதுவுமே இல்லை என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். "நான் சாத்துனதாலதான் அவளைப் பார்க்க முடியலையா?" இல்லம்மா, இல்லம்மா.

தம்பி சுவரில் துளை போட்டு, நசுங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கனெக்டர் போட்டான். மஞ்சள் உறையை உரித்தால் உள்ளே முடி போல ஒரு இழை. கண்ணாடி மட்டும் 125 மைக்ரான்; அதற்குள் வெளிச்சம் ஓடும் பாதை ஒன்பதுதான் என்கிறார்கள். வெட்டிய துணுக்கைத் தரையில் விடாமல் டேப்பில் ஒட்டி எடுத்துக்கொண்டான். "கால்ல குத்துனா தெரியாது சார், உள்ள போயிரும்."

மைனஸ் 22.8.

1966-ல் சார்லஸ் காவோ என்ற விஞ்ஞானி, கண்ணாடியில் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் இழப்பைக் கொண்டுவந்துவிட்டால் போதும், வெளிச்சத்தில் செய்தி அனுப்பலாம் என்றார். 2009-ல் நோபல் கொடுத்தார்கள். இப்போது அரை டெசிபல்கூட ஆவதில்லை. அத்தனை தூரம் ஓடி வந்த வெளிச்சம் என் வீட்டு ஜன்னலில் நசுங்கிச் செத்திருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

பச்சை. அக்கா வந்தாள். பதினோரு நிமிஷம். கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை அவள் மறைத்ததை அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிஷம் படம் நின்றது. கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து. நெட் நின்னுருச்சும்மா என்றேன். அம்மா அந்த நின்ற படத்திடம் இன்னும் கொஞ்ச நேரம் பேசினாள்.

மார்ச் 16, திங்கள்

இது வேறு வியாதி. பச்சை அசையவில்லை, பவர் 22.8. ஆனால் ஒன்பது மணிக்கு 2 எம்பிபிஎஸ்கூடத் தேறவில்லை. அவர்களுடைய சோதனைப் பக்கத்தில் மட்டும் 97 காட்டுகிறது. காட்டத்தான் செய்யும், அந்த சர்வரும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்தால் குட்டு உடைகிறது.

கணக்குப் போட்டேன். ஜிபான் லைனில், அதாவது ஒரே இழையைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் லைனில், கீழே வருவது மொத்தம் 2.488 ஜிபிபிஎஸ். ஒரு போர்ட்டில் 64 வீட்டைக் கோர்த்து, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால்கூட ஆளுக்கு 38 எம்பிபிஎஸ் வர வேண்டும். அப்படியென்றால் அடைப்பு எங்கள் தெருவில் இல்லை. அதற்கு மேலே, அவர்கள் மொத்தமாக வாங்கும் இடத்தில். குறைவாக வாங்கி நிறையப் பேருக்கு விற்றிருக்கிறார்கள். பாதி விலை எப்படிக் கட்டுப்படியானது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அதில் ஒரு அற்ப சந்தோஷம் வேறு.

மார்ச் 17, செவ்வாய்

33 வாரம். வீடியோ வேண்டாம், பேச மட்டும் செய்வோம் என்றேன் அக்காவிடம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 18, புதன்

ஒன்பது மணிக்கு வேண்டாம், நீ ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது கூப்பிடு, இங்கே விடிகாலை, லைன் காலியாக இருக்கும் என்று அக்காவுக்கு எழுதினேன். சரி என்றாள். ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள்.

மார்ச் 19, வியாழன்

விடிகாலை 4:40. நாற்பது நிமிஷம்! ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவள் தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடி வரை தெரிந்தது. அம்மா கேமராவை வயிற்றுப் பக்கம் திருப்பச் சொன்னாள், இங்கிருந்தே கையை நீட்டித் தொட்டாள். திரையில் விரல் பட்டு கால் கட்டாகிவிட்டது. மூன்று பேரும் அப்படிச் சிரித்தோம், அடுத்த காலில்.

மார்ச் 20, வெள்ளி

4:30-க்கு எழுந்து உட்கார்ந்தோம். வரவில்லை. தூங்கியிருப்பாள்.

இரவு ஒன்பதுக்கும் வரவில்லை. நெட் ஸ்லோ என்றேன் அம்மாவிடம்.

மார்ச் 21, சனி

காலையில் அனுப்பியதற்கு ஒரே ஒரு டிக். மத்தியானம் அனுப்பியதற்கும் ஒன்று. அத்தானுக்கு அனுப்பியதற்கு இரண்டு, நீலமாகவில்லை.

மோடத்தை அணைத்துப் போட்டேன். இன்னொரு தடவையும்.

மார்ச் 22, ஞாயிறு

4:15. மைனஸ் 22.8. பிங் 13, 13, 14, 13. ஒன்றுகூடத் தவறவில்லை. அம்மா கேட்டாள், "சிவப்பா?"

இல்லை என்று சொல்லவில்லை.