20 பேரையும் காட்டுங்க

சியர்லீடிங் போட்டி, அதான் ஒரு டீமாச் சேந்து ஆளத் தூக்கி நிறுத்தி, வீசிப் பிடிச்சு, குட்டிக்கரணம் அடிக்குற போட்டி, அந்த வீடியோ எது வந்தாலும் கீழ கமெண்டுல ஒரே சண்டைதான் ஓடுது. இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்டான்னு ஒருத்தன் கேப்பான், நீ ஒரு தடவ பண்ணிக் காட்டு பாப்போம்னு நாலு பேரு பாஞ்சு வருவானுவ, இடையில இன்னொருத்தன் வந்து அந்தப் பிள்ளைகளோட உடுப்பப் பத்தி வாய்க்கு வந்தத எழுதிப் போட்டுட்டுப் போயிருப்பான், அப்புறம் கேமராக்காரன ஏசுறவங்க தனி, காசு கட்டிப் பாக்க வேண்டியிருக்கேன்னு பொலம்புறவங்க தனி. தமிழ்ல எழுதுற நம்ம ஆளுகளும் இப்ப இதுல நிறைய இருக்காங்க. அமெரிக்காவுல பிள்ளைகள சேத்து விட்டிருக்குற தாய் தகப்பன்மாரு, ஊர்ல இருந்து பாக்குற மாமன் சித்தப்பன்மாரு. நானும் அதுல ஒரு மாமன்தான்.

எனக்கு இதுல சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கு, அத நல்லா அழுத்தியே சொல்லுதேன். இந்தச் சண்டையில முக்கால்வாசி, டிவிக்காரங்க இத எடுத்துக் காட்டுற விதத்துல இருந்து வந்தது. ஒரு டீமுல 20 பேரு சேந்து மூச்சப் பிடிச்சுச் செய்யுற வேலையில ஒருத்தியோட சிரிப்ப மட்டும் காட்டுனா, பாக்குறவன் இது டான்ஸுன்னுதான் நெனைப்பான். அவனக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?

நமக்கு மார்த்தாண்டம் பக்கம், லைவ் எடுக்குறது தொழிலு. கோயில் கொடை, சர்ச்சு திருவிழா, கல்யாணம், வடம் இழுப்பு, வாலிபால், கபடி எல்லாம் எடுப்போம். மூணு கேமரா, ஒரு சுவிட்சர், அவ்வளவுதான் செட்டப்பு. எந்த நேரத்துல எந்த கேமராவுக்குக் கட் பண்ணணும்ங்கறதுதான் நமக்குச் சோறு போடுது, அதனால இதப் பத்திப் பேச எனக்கு உரிமை உண்டுன்னே நெனைக்கேன்.

அக்கா டெக்சாஸ்ல நர்ஸு. அவ மக அங்க ஒரு ஜிம்முல ஆல்ஸ்டார் சியர் பண்ணுதா. ஆல்ஸ்டார்னா எந்த ஸ்கூல் டீமுக்கும் கை தட்டி விடுற வேல கிடையாது, போட்டி போடுறதுக்குன்னே உள்ள டீமு. அவ மேல ஏறி நிக்குற பிள்ள இல்ல, அதுக்குப் பேரு ஃப்ளையர். இவ கீழ நின்னு தூக்குறவ, பேஸ். ரெண்டு பேஸ் எதிரெதிரா நின்னு ஃப்ளையரோட காலடிய உள்ளங்கையில வாங்கி நெஞ்சு உயரத்துக்கோ தலைக்கு மேலயோ கொண்டு போவாங்க, பின்னால பேக்ஸ்பாட்னு ஒருத்தி கணுக்காலப் பிடிச்சு நிப்பா. எல்லாம் எட்டு எண்ணுற கணக்குல ஓடும். மூணாவது எண்ணிக்கையில முட்டி மடங்கணும்னா மூணு பேருக்கும் மூணுலதான் மடங்கணும், அரை எண்ணிக்கை பிந்துனா மேல உள்ளவ சாஞ்சிருவா. ஃப்ளையர் கீழ பாக்கக் கூடாது, முகத்த முன்னால வச்சு சிரிச்சுக்கிட்டேதான் நிக்கணும். கீழ உள்ளவங்க ஃப்ளையர் மேல வச்ச கண்ண எடுக்கவே கூடாது.

பாஸ்கெட் டாஸ்னு ஒண்ணு உண்டு. ரெண்டு பேஸும் ஒருத்தர் மணிக்கட்ட ஒருத்தர் பிடிச்சு கையால சதுரமா ஒரு கூடை மாதிரி போட்டு, அதுல அவள ஏத்தி, மேல வீசி, அவ வானத்துல திருகிட்டு வரும்போது மறுபடி கையில வாங்குறது. வீசுறது ஒரு நொடி, வாங்குறது ஒரு நொடி. மேல போனவ சில நேரம் நேரா வர மாட்டா, ஒரு அடி தள்ளி வருவா. அந்த நேரத்துல பேஸ் ஒரு காலத் தள்ளி வச்சு, தோளக் குடுத்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி வாங்கி இறக்குவா பாருங்க, எனக்கு இந்த விளையாட்டுல உயிரே அதுதான். டிவியில அது தெரியவே தெரியாது. ஏன்னா அந்த நொடியில கேமரா ஃப்ளையர் முகத்துக்குப் போயிருக்கும், இல்லன்னா கைதட்டுற கூட்டத்துக்குப் போயிருக்கும்.

எங்க அம்மா வீட்டுல டிவியில இதப் போட்டுப் பாக்கும்போது ரெண்டரை நிமிஷமும் கேட்டுட்டே இருப்பா, "பிள்ள எங்கல நிக்கா, பிள்ள எங்கல நிக்கா"ன்னு. ஒரு டீமு மேடையேறி செய்யுற ஆட்டத்துக்கு ரொட்டீன்னு பேரு, மொத்தமே ரெண்டரை நிமிஷந்தான். முடிஞ்சுருச்சு, பேத்தியோட ஒரு முழங்கைய மட்டும் ஒரு தடவ பாத்தா. "இவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்குதா, ஒருத்தனும் காட்ட மாட்டேங்கானே"ன்னு அவளுக்கு ஒரே வெப்ராளம். அம்மா கேட்டதத்தான் நானும் கேக்கேன்.

ஆல்ஸ்டார் போட்டித் தளம் 54 அடி அகலம், 42 அடி ஆழம். ஆறடி ஆறடியா ஒம்பது பட்டை மேட்டு (மெத்தை மாதிரி விரிப்பு) விரிச்சிருப்பாங்க, யாரு எந்தப் பட்டையில எந்த எண்ணிக்கைக்கு நிக்கணும்னு மாசக்கணக்கா பழகி வச்சிருப்பாங்க. ஜட்ஜு முன்னால உக்காந்து பாக்குறாரு. ரொட்டீன் முழுசும் அந்த முன்பக்கத்துக்குன்னே கட்டுனது. அப்ப கேமரா எங்க நிக்கணும்? ஜட்ஜுக்கு நேர் பின்னால, கொஞ்சம் உசரத்துல, மொத்த மேட்டும் ஃப்ரேமுக்குள்ள வர்ற மாதிரி ஒரு வைடு. ஆரம்பிச்சா முடியுற வரைக்கும் அத வெட்டக் கூடாது. இவ்வளவுதான் நான் கேக்கது.

நம்ம ஊரு களியல் எடுத்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். விளக்கச் சுத்தி வட்டமா நின்னு கம்பத் தட்டி ஆடுறப்ப, ஒருத்தன் தட்டுற கம்பு அவனுக்குப் பக்கத்துல உள்ளவன் கம்புல போய் விழணும், அது அப்படியே சுத்திப் போவும். அதுல நீங்க ஒரு ஆளு மூஞ்சிக்கு குளோஸ் போனீங்கன்னா டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் கேக்கும், ஆட்டம் இருக்காது. ஆசான்மாரு வந்து சத்தம் போடுவாங்க, "வட்டத்தக் காட்டுடே"ன்னு. சியர்லீடிங்குக்கும் அப்படி ஒரு ஆசான் சுவிட்சர்காரன் பக்கத்துல நின்னா நல்லாருக்கும்.

இதுல நம்மாளுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2008ல ஐபிஎல் ஆரம்பிச்சப்பதான் சியர்லீடர்ங்கற பேரே நம்ம வீடுகளுக்குள்ள வந்துச்சு. சிக்ஸர் அடிச்சா ஒரு மூணு செகண்டு, விக்கெட் போனா ஒரு மூணு செகண்டு, அப்புறம் விளம்பரம். மூணு மூணு செகண்டா வருஷக்கணக்கா பாத்த கண்ணுக்கு, இது கிரிக்கெட்டுக்கு நடுவுல காட்டுற இட்டு நிரப்புற சமாச்சாரம்னு பதிஞ்சு போச்சு. இப்ப அதே ஆளுக்கு போட்டி சியர்லீடிங் வீடியோ வந்தா, ஐபிஎல்ல ஆடுவாளுகளே அதானேன்னு எழுதுதான். அந்த ஆட்டக்காரிகளையும் நான் குறைச்சுச் சொல்லல, அவங்க வேல வேற, அதுவும் ஒழைப்புதான். ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு அவன நம்ப வச்சது அந்த மூணு செகண்டு கட்டுதான்.

அமெரிக்காவுலயே கத கொஞ்சம் அப்படித்தான். 1898ல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஜானி கேம்பல்னு ஒரு மாணவன் ஃபுட்பால் கூட்டத்துக்கு முன்னால நின்னு கத்த வச்சதத்தான் தொடக்கம்னு சொல்லுவாங்க. மொதல்ல இது ஆம்பிளைகளோட வேல, ஐசனோவர்ல இருந்து சின்ன புஷ் வரைக்கும் பிரசிடெண்டா இருந்தவங்களே படிக்குற காலத்துல சியர்லீடரா இருந்திருக்காங்க. பொம்பளப் பிள்ளைங்க பின்னாடிதான் வந்தாங்க. 1978ல சிபிஎஸ் டிவி காலேஜ் போட்டியக் காட்டுச்சு, 1983ல இருந்து ஈஎஸ்பிஎன் ஹைஸ்கூல் போட்டியக் காட்ட ஆரம்பிச்சுது. அது ரெக்கார்டு பண்ணி, வெட்டி ஒட்டி, அப்புறமா போடுறது. அழுவுற முகம், கட்டிப் பிடிக்குற அம்மா, கோப்பை, நடுவுல ரொட்டீன் துண்டு துண்டா. அதுலதான் நாடு முழுக்க இது பரவுச்சு, அத நான் மறுக்கல. ஆனா எப்படிப் பாக்கணும்ங்கறதயும் அதே டிவிதான் கத்துக் குடுத்துச்சு, அதுதான் இன்னைக்கு வரைக்கும் வெனையா நிக்குது.

ஸ்போர்ட்டா இல்லையான்னு கோர்ட்டுக்கே போன கதயும் உண்டு. கனெக்டிகட்ல குவினிப்பியாக் பல்கலைக்கழகம் பொண்ணுங்க வாலிபால் டீம நிறுத்திட்டு அதுக்குப் பதிலா போட்டி சியர வச்சுக்கிடுதோம்னு சொன்னதுக்கு, 2010ல ஜட்ஜு அத ஒத்துக்கல. ஒரு சீரான போட்டி முறை இன்னும் அமையல, அதனால பெண்களுக்கான விளையாட்டுன்னு சட்டப்படி கணக்குல சேக்க முடியாதுன்னு தீர்ப்பு. பின்னால எப்பவாவது சேக்கலாம்னும் அதுல சொல்லிருக்கு. சண்ட போடுறவங்க இந்தப் பின்பாதிய மட்டும் விட்டுட்டு எழுதுதாங்க. 2021ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இண்டர்நேஷனல் சியர் யூனியனுக்கு முழு அங்கீகாரமே குடுத்தாச்சு. ஒலிம்பிக்ல சேத்தாச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆனா ஸ்போர்ட்டான்னு கேட்டா அந்தப் பக்கத்துல இருந்து பதில் வந்தாச்சு. எனக்கு அந்தக் கேள்வியிலயே ஆர்வம் போயிருச்சு, ரெண்டரை நிமிஷத்த வெட்டாம ஒரு தடவ காட்டிட்டு அப்புறம் கேளுங்க.

கபடிய எடுத்துக்கிடுங்க. 2014ல புரோ கபடி வந்ததுக்கு முன்னாடியும் நம்ம பிள்ளைங்க ஆடத்தான் செஞ்சாங்க, மண்ணுல. டிவியில நல்ல உசரத்துல இருந்து ஏழு பேரும் சங்கிலியா நிக்குறதும் ரைடர் கால் போனஸ் கோட்டத் தாண்டுறதும் தெரியுற மாதிரி காட்டுனாங்க, வீட்டுல உள்ள பாட்டிமாருகூட போனஸ் பாயிண்டு கணக்குச் சொன்னாங்க. விளையாட்டு அப்படியேதான் இருந்துச்சு, கேமரா நின்ன எடம் மாறுச்சு.

மார்க்கு விஷயமும் அதே மாதிரி. சியர்ல ஆளத் தூக்குற ஸ்டண்டுக்கு, பிரமிடுக்கு, குட்டிக்கரணம் அடிக்குற டம்ப்ளிங்குக்கு, டான்ஸுக்குன்னு பிரிச்சுத்தான் மார்க்கு. தப்பு விழுந்தா கழிப்பாங்க. ஒரு கழிவும் இல்லாம முடிச்சா "ஹிட் ஜீரோ"ம்பாங்க, அது கிடைச்சா பிள்ளைங்க அழுவும். இத ஒரு ஓரத்துல ஒரு சின்ன கிராஃபிக்ஸா போட எவ்வளவு நேரமாவும்? கோயில் கொடைக்கு உபயதாரர் பேர ஓட்டுற சாப்ட்வேரே போதும். அதச் சொல்லாம கமெண்ட்ரியில ஆகா ஓகோன்னு கத்திட்டே இருந்தா, எதுக்கு ஜெயிச்சாங்கன்னும் தெரியாது எதுக்குத் தோத்தாங்கன்னும் தெரியாது, அப்புறம் ஜட்ஜு காசு வாங்கிட்டாருன்னு எழுதத்தான் செய்வான்.

ஸ்டண்ட்னே பேரு வச்சு ஒரு வகை வந்திருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ரெண்டு டீமும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரே நேரத்துல ஒரே ரொட்டீனச் செய்யும், நாலு குவார்ட்டர், யாரு சுத்தமாச் செஞ்சாங்களோ அவங்களுக்குப் பாயிண்டு. ஒரே வைடுல ரெண்டு டீமும் வந்துரும், இடது பக்கம் முட்டி ஆடுறதும் வலது பக்கம் ஆடாம நிக்குறதும் எங்க அம்மாவுக்கே தெரியும். இத அமைச்சவங்க பாக்குறவன மனசுல வச்சு அமைச்சிருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு.

இனி விழுறதப் பத்திச் சொல்லணும். பிள்ள விழுந்தா அத ஸ்லோமோஷன்ல மூணு தடவ போடுறது, அப்புறம் அதையே வெட்டி தம்ப்நெயில் ஆக்குறது, இதப் பாத்தா எனக்கு வயித்தப் பெரட்டும். இருபது அடி உசரத்துக்குப் போய் கழுத்து அடிபட்ட பிள்ளைங்க உண்டு இதுல, சின்ன விஷயம் கிடையாது. நம்ம பக்கம் ஒரு பள்ளிக்கூட விழாவுல பிரமிடு சரிஞ்சப்ப, அத நல்லா ஜூம் பண்ணி குடுங்கன்னு பின்னால வந்து கேட்டாங்க, நான் அந்த ஃபைலையே குடுக்கல, அதுக்கப்புறம் அந்த வேல நமக்கு வரவும் இல்ல, போட்டும். விழுந்த உடனே கேமரா வைடுக்குப் போவணும், பிள்ள எந்திச்சுட்டான்னு தெரியுற வரைக்கும் அங்கேயே நிக்கணும். உடுப்புக்குக் கீழ இருந்து எடுக்குற ஆங்கிளு ஒண்ணு உண்டு, அத எடுக்குறவன் கையில கேமராவே குடுக்கக் கூடாது. அந்த அசிங்கக் கமெண்டெல்லாம் எங்க இருந்து வருதுன்னு நெனைக்கீங்க? பாதி அந்த ஆங்கிள்ல இருந்துதான்.

காசு கட்டிப் பாக்குற சண்டையில நான் பெத்தவங்க பக்கந்தான். போட்டி நடத்துற கம்பெனியே ஒளிபரப்பையும் வச்சிருந்தா, வெளியில உள்ள கண்ணு உள்ள வர வழி இருக்காது. 2020ல நெட்ஃபிளிக்ஸ்ல ஒரு காலேஜ் டீமப் பத்தி வந்த 'சியர்'ங்கற தொடர்ல, டெய்டோனா பீச்சுல நடந்த கடைசிப் போட்டிய தொடர் எடுத்தவங்கள அவங்க கேமராவுல எடுக்க விடல, கூட்டத்துல உள்ளவங்க போன்ல எடுத்தத வச்சுத்தான் காட்டுனாங்க. எனக்கு அந்த போன் வீடியோதான் மொத்தத் தொடர்லயும் பிடிச்சது. கை ஆடுது, மறைக்குது, ஆனா 20 பேரும் தெரியுதாங்க, கடக்காத்துல நின்னு மேல ஏறுறதும் எறங்குறதும் எண்ணிக்கையும் எல்லாம் ஒரே ஓட்டமாத் தெரியுது.

குளோஸப்பே வேண்டாம்னு சொல்லுதியாடேன்னு ஒரு நெல்லைக்கார அண்ணாச்சி கேட்டாரு. வேண்டாம்னு சொல்லல அண்ணாச்சி. வைடு ஓடி முடியட்டும், அதுக்குப் பொறவு ரீப்ளேயில பேஸோட கை, பேக்ஸ்பாட்டோட கண்ணு, மேல உள்ளவ பாதம் உள்ளங்கையில வந்து உக்காருற அந்த நேரம், எல்லாத்தையும் குளோஸ்ல காட்டுங்க, வேணும்ங்குற அளவுக்கு காட்டுங்க. அவரு அதுக்கு, அப்படிக் காட்டுனா டிஆர்பி வருமான்னாரு. கபடிக்கு வந்துச்சேன்னு எழுதிருக்கேன், இன்னும் பதில் வரல.

அக்காவுக்கும் மத்த தாய் தகப்பன்மாருக்கும் ஒண்ணு. அந்த எடத்துல போன்ல எடுக்க விடுவாங்கன்னா, படுக்க வச்சுப் பிடிங்க, முடிஞ்ச மட்டும் நடுவுல உசந்த படியில நில்லுங்க, ஜூமத் தொடாதீங்க, உங்க பிள்ள பின்னால தொலையுற மாதிரி இருந்தாலும் கூடவே கேமராவத் திருப்பாதீங்க. எடுத்தத எனக்கு அனுப்புங்க மக்கா, கலர் சரி பண்ணி, சத்தத்தச் சரி பண்ணி, எங்கயும் வெட்டாம நெட்டுல ஏத்தி விடுதேன்.