கழுவினால் போதும் என்றார் சர்வேயர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மெண்ட் கீழ்த்தளத்தில் நின்ற கார்கள் எல்லாமே மூழ்கின, அதில் என்னுடையதும் ஒன்று. இன்சூரன்ஸ் கம்பெனி ரிப்பேர் செய்து தருகிறோம் என்றது. நான் டோட்டல் லாஸ், அதாவது வண்டி போனதாகவே வைத்து அதன் மதிப்பைக் கொடுங்கள் என்றேன். கடைசியில் டோட்டல் லாஸ்தான் கிடைத்தது, ஆனால் லேசில் கிடைக்கவில்லை. மழை வலுக்கும்போதெல்லாம் யாராவது போன் போட்டு "அப்போ எப்படிப்பா வாங்கினே?" என்று கேட்கிறார்கள், அதனால் ஒரேயடியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் விதி. நம் பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள், அதுதான் வண்டிக்குக் கம்பெனி ஒப்புக்கொண்ட மதிப்பு. வண்டியை மீட்டு சரிசெய்ய ஆகும் மொத்தச் செலவு அந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ், ஐடிவியைக் கொடுத்துவிட வேண்டும். தாண்டாவிட்டால் ரிப்பேர். என் ஐடிவி 5,20,000 ரூபாய், ஆக எல்லைக்கோடு 3,90,000. சர்வீஸ் சென்டர் போட்ட எஸ்டிமேட் 4,60,000. அப்புறம் என்ன, முடிந்தது கதை என்றுதான் நானும் நினைத்தேன். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போட்ட கணக்கு 3,35,000.

நடுவில் போன ஒன்றேகால் லட்சம் எங்கே போனது என்று பார்த்தால், அவர் எந்தப் பாகத்தின் விலையையும் குறைக்கவே இல்லை. 'மாற்ற வேண்டும்' என்று இருந்த வரிகளை 'சுத்தம் செய்தால் போதும்' என்று மாற்றியிருந்தார். ஒயரிங் ஹார்னஸ் (வண்டி முழுக்க ஓடும் மின்கம்பிக் கட்டு) சுத்தம், சீட்டுகள் சுத்தம், தரை கார்ப்பெட் சுத்தம், ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் பக்கத்தில் 'சோதித்துப் பார்க்கவும்'. ஹார்னஸ் ஒன்றிலேயே பெரிய தொகை அடிபட்டுப் போயிருந்தது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தவறான ஆளோடு தவறான சண்டை போடுகிறார்கள் என்பது என் எண்ணம். கால் சென்டருக்குப் போன் போட்டு "எனக்கு டோட்டல் லாஸ்தான் வேணும்" என்று கத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை, எதிர்முனையில் இருக்கிற பிள்ளைக்கு அந்த அதிகாரமே கிடையாது. அந்தத் தாளில் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து, இது ஏன் கழுவினால் போதாது, இதை ஏன் மாற்றியே ஆக வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். வரிகள் மாறினால் 75 சதவீதம் தானாக வந்து சேரும்.

சர்வேயர் மோசமான ஆள் இல்லை, சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் சென்னையில் ஒரு சர்வேயர் எத்தனை வண்டி பார்த்திருப்பார் என்று நினைத்தாலே பாவமாக இருக்கிறது. "தண்ணி சீட்டு மட்டத்துக்குத்தான் சார் வந்திருக்கு, டேஷ்போர்டு தொடல. ஹார்னஸைக் கழட்டி, கழுவி, காயவெச்சா ஓடும்" என்றார். டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறினால் யாரும் அதிகம் பேச மாட்டார்கள், டோட்டல் லாஸ் எழுதிவிடுவார்கள். தரை மட்டம் என்றால் ரிப்பேர். இரண்டுக்கும் நடுவே, சீட்டு மட்டத்தில்தான் எல்லாத் தகராறும்.

அவர் பார்க்க வருவதற்குள் சர்வீஸ் சென்டரில் வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். வெளியே சேற்றுத் தடமே இல்லை. அங்கே வேலை செய்கிற ஒரு தம்பிதான் வழி காட்டினார். டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி வரைக்கும் வெளியே இழுத்தார். சாதாரணமாக நாம் போடும்போது வெளியே வருகிற நீளம் பளிச்சென்று இருந்தது. உள்ளே சுருண்டே கிடக்கிற மிச்ச நீளம் வந்ததும், வண்டல் படிந்து விறைத்துப்போய், ஓரமெல்லாம் பழுப்பாக, தொட்டால் விரலில் மண் ஒட்டியது. பெல்ட் சுற்றிக்கொள்ளும் அந்த டப்பா நடுத் தூணின் அடியில் இருக்கிறது, விபத்தில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சின்ன வெடிமருந்துச் சாதனமும் அதனோடுதான். ஏர்பேக்கை எப்போது வெடிக்கச் செய்வது என்று முடிவெடுக்கிற யூனிட் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே, கியர் பக்கத்தில், தரையை ஒட்டி இருக்கிறது. சீட்டு மட்டம் வரைக்கும்தான் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டாலும் அது தண்ணீருக்குள்தான் இருந்திருக்கிறது. (பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இந்த பெல்ட் சோதனையைச் செய்யுங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பெல்ட்டே சொல்லிவிடும்.)

"ஏர்பேக் யூனிட்டையும் கழுவித்தான் போடுவீங்களா சார்?" என்று சர்வேயரிடம் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

பதிலை எழுத்தில் வாங்க வேண்டியது சர்வீஸ் சென்டரிடம். நான் அவர்களுக்கு மெயிலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கழுவிப் பொருத்துகிற ஹார்னஸுக்கும் ஏர்பேக் யூனிட்டுக்கும் வாரண்டி எழுதிக் கொடுப்பீர்களா? கொடுக்க முடியாது, மூழ்கிய மின்பாகங்களை மாற்றச் சொல்லித்தான் எங்களுக்கு அறிவுறுத்தல் என்று பதில் வந்தது. அந்த இரண்டு வரி மெயில்தான் எனக்குக் கிடைத்த பெரிய ஆயுதம். அதோடு, எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதினேன், ஏனென்றால் பிரித்த பிறகுதான் மேற்கொண்டு சேதம் தெரியும், அதற்குத் தனியாக ஒரு கூடுதல் எஸ்டிமேட் வரும். அதுவரை ரிப்பேருக்குச் சம்மதம் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. போட்டு வேலை ஆரம்பித்துவிட்டால் அப்புறம் டோட்டல் லாஸ் பேச்சுக்கே இடமில்லை.

என்னிடம் பம்பர் டூ பம்பர் பாலிசி (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி) இருந்தது, அதனால் ஒரு தலைவலி மிச்சம். அது இல்லாதவர்களுக்கு இன்னொரு கோணத்தில் அடி விழும். பாலிசியில் 75 சதவீத விதியை எழுதியிருக்கும் அதே வாக்கியத்தில் 'பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று ஒரு வார்த்தை உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதி, நாலாவது வருஷத்தில் ஓடும் வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதம் என்று தேய்மானத்தைக் கழித்துவிட்டு, மிஞ்சுகிற தொகை 75 சதவீதத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். எந்த வண்டி தொடும்? ரிப்பேருக்கு ஆகும் செலவு என்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற முழுச் செலவுதான் என்று வாதாடுங்கள். ஜிஎஸ்டி சேர்த்த தொகையா சேர்க்காத தொகையா என்பதையும் பாருங்கள், அன்றைக்கு உதிரிபாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீத வரி, அது விடுபட்டால் கணக்கே வேறு.

சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. நஷ்டக் கணக்கை வண்டிக்காரர் ஒப்புக்கொண்டாரா இல்லையா என்றும் சர்வேயர் அதில் குறிப்பிட வேண்டும், எனவே ஒப்புக்கொள்ளவில்லை என்பதை மெயிலில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "சர்வேயர் சொன்னால் சொன்னதுதான் சார்" என்று ஒருவர் என்னிடம் போனில் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை. சர்வேயர் அறிக்கை கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, வாடிக்கையாளரையும் கட்டுப்படுத்தாது என்று 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இதையும் சேர்த்தேன், பெல்ட் போட்டோவையும் வாரண்டி மெயிலையும் இணைத்தேன்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் பிடிக்காவிட்டாலோ அடுத்த இடம் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவர். சென்னையில் தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை எடுத்துக்கொள்வார்கள், அங்கே வருகிற தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். புகாரைத் தயார் செய்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. வேறொரு சர்வேயரை அனுப்பினார்கள், வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார், ஹார்னஸ் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது, கூடுதல் எஸ்டிமேட்டோடு கணக்கு 3,90,000-ஐத் தாண்டியது.

எல்லோருக்கும் டோட்டல் லாஸ் நல்லது என்று சொல்ல மாட்டேன். எதிர் வீட்டு மாமா பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைத்துப் போட்டிருந்தார், பழைய வண்டி வேறு. ஐடிவி சின்னதாக இருந்தால் 75 சதவீதமும் சின்னதுதானே, அவர் வண்டி மறுபேச்சில்லாமல் டோட்டல் லாஸ் ஆகிவிட்டது. "எஞ்சினே நனையல, ரிப்பேர் பண்ணிக் கொடுங்கடா" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். கையில் வந்த பணத்துக்கு அதே மாதிரி வண்டி எங்கேயும் கிடைக்கவில்லை.

பணம் வருவதற்கு முன்னால் இரண்டு விஷயம். கார் லோன் இருந்தால் செட்டில்மெண்ட் முதலில் பேங்குக்குத்தான் போகும், மிச்சம்தான் நமக்கு. டோட்டல் லாஸ் என்று முடிவானதும் எஸ்டிமேட் போட்டதற்கும் வண்டி நின்றதற்கும் சர்வீஸ் சென்டர் ஒரு பில் நீட்டும், அதை யார் கட்டுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்ட தொகையில் பாதியைக் குறைத்தார்கள்.

டோட்டல் லாஸ் ஆன வண்டியைக் கம்பெனி விடும் ஏலத்தில் எடுத்தவர் வந்து தூக்கிக்கொண்டு போகும்போது, ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி, அவருடைய அடையாள அட்டை நகலோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்சி பெயர் மாறுகிற வரைக்கும் அந்த வண்டி எங்கே என்ன செய்தாலும் சலான் நம் பெயருக்குத்தான் வரும். ஃபாஸ்டாக் ஸ்டிக்கரை அன்றைக்கே உரித்துவிட்டுக் கணக்கை மூடிவிடுங்கள்.