பால் சங்கச் செயலாளரும் பந்து சங்கமும்

காலை ஐந்தரை மணிக்குப் பால் கேனுக்குள் லாக்டோமீட்டரை விட்டுக்கொண்டு நிற்பவனுக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், தீர்மானப் புத்தகம்தான். பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் இருபது வருடமாக நான் செயலாளர். "பொருள் எண் 3 விவாதிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று தூக்கத்தில்கூட எழுதுவேன். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் 2022 ஜூனில் அக்கா மகன் வந்து நின்றான்.

"மாமா, லீக்ல ஆடணும்னா டீமைப் பதிவு பண்ணணுமாம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வேணுமாம். செயலாளரா நீங்க இருங்க."

"ஆஃப்சைடுன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுடா."

"செயலாளருக்கு அது தேவையில்ல மாமா."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எவ்வளவு பெரிய உண்மை என்று இரண்டே மாதத்தில் தெரிந்தது.

முதல் வேலை லெட்டர் பேடும் ரப்பர் ஸ்டாம்பும். பிறகு விதிமுறைகள், பால் சங்க விதிகளில் 'பால்' வந்த இடத்தில் 'பந்து' போட்டு முக்கால்வாசியை முடித்துவிட்டேன். பையன்களைப் பதிவதுதான் பெரும்பாடு. நாட்டில் எங்கே ஆடினாலும் வீரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். டெல்லியில் இருக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதற்கென்று ஓர் இணையத்தளம் வைத்திருக்கிறது. கிளப் விவரம் ஏற்ற வேண்டும், மாநிலச் சங்கம் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க்‌ஷீட்டில் இனிஷியல் பின்னால். பதினெட்டுப் பையன்களில் பதினொரு பேருக்கு இந்தக் கதைதான். ஓர் அணி முழுக்க இனிஷியலில் மாட்டியது.

ஓசூரில் வேலைக்குப் போன ஒருவன் பெங்களூரில் ஓர் அணிக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தான். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. கர்நாடகச் சங்கத்தின் கீழிருந்து தமிழ்நாட்டுச் சங்கத்தின் கீழ் வர, மாட்டை விற்றால் எழுதுகிற சீட்டு மாதிரி, முறையான மாற்றம் வேண்டும்.

சரி, இந்த ஏணி எதுவரைக்கும் போகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பால் மாதிரியேதான். எங்களில் ஊர்ச் சங்கம், மேலே மாவட்ட ஒன்றியம், அதற்கு மேலே மாநில இணையம். பந்தில் கிளப், மாவட்டச் சங்கம், தமிழ்நாடு கால்பந்துச் சங்கம், டெல்லிக் கூட்டமைப்பு. பால் சென்னையோடு நின்றுவிடும். பந்து கோலாலம்பூரில் இருக்கும் ஆசியக் கூட்டமைப்பு வழியாக சூரிச்சில் இருக்கும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா வரை போகும். அங்கே 211 உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. பிரேசிலுக்கும் ஒன்று, பூட்டானுக்கும் ஒன்று. டெல்லியிலும் இதே கணக்கு, மாநிலச் சங்கத்துக்கு ஒரு ஓட்டு. தெருவுக்குத் தெரு பந்து உருளும் வங்காளத்துக்கும் ஒன்றுதான். அந்த வங்காளச் சங்கத்தின் பெயரே 'இந்தியக் கால்பந்துச் சங்கம்'. 1893-ல் ஆரம்பித்தது. அகில இந்தியக் கூட்டமைப்பு 1937-ல் வந்த பிறகும் அவர்கள் அந்தப் பெயரை விடவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

இதில் எங்களுக்கு எங்கே ஓட்டு என்று கேட்டான் அக்கா மகன். மாவட்டத்தில் இருக்கிறது, அதற்கு மேலே நமக்காக இன்னொருவர் போடுவார், அவருக்காக இன்னொருவர் போடுவார் என்றேன். "அப்போ நம்ம பால்ல எவ்வளவு தண்ணி கலக்கும் மாமா?" என்றான். என் தொழிலை வைத்தே என்னை அடிக்கிறான்.

நான் செயலாளரான மூன்றாவது மாதம், 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்தை ஒட்டி, ஃபிஃபா இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. 'மாமா ராசி' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். விஷயம் இதுதான். டெல்லிக் கூட்டமைப்பின் தலைவர் பிரபுல் படேல் மூன்று தவணை, பன்னிரண்டு ஆண்டுகள் முடித்துவிட்டார். தேசிய விளையாட்டு விதிப்படி அதற்கு மேல் முடியாது. தவணை 2020 டிசம்பரோடு முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. விதிமுறை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. 2022 மே மாதம் நீதிமன்றம் அவரை விலக்கி, மூன்று பேர் நிர்வாகக் குழுவை அமர்த்தியது. ஃபிஃபாவுக்கு அது வெளியார் தலையீடு. உறுப்பினர் சங்கத்தை அதன் உறுப்பினர்கள்தான் நடத்த வேண்டும், வேறு யார் கை பட்டாலும் குற்றம்.

இந்த இடத்தில் எனக்கு மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. தேர்தல் நடக்காத சங்கத்துக்குத் தனி அலுவலர் வருவது எங்களுக்குப் பழக்கமான விஷயம். வந்து கணக்கைப் பார்த்து, தேர்தல் வைத்துவிட்டுப் போவார். தவணை முடிந்தும் நாற்காலியில் இருந்தபோது சூரிச் தடை போடவில்லையே, நீதிமன்றம் கேட்டதும் போட்டதே என்ற எரிச்சல் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் ஆளுகிறவர்கள் நினைத்த நேரத்தில் சங்கத்தைக் கலைக்கக்கூடாது என்ற அந்த விதியின் பயமும் நியாயம்தான். சங்கத்தில் இருபது வருடம் இருந்தவனுக்குத் தெரியாதா?

"ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கா இல்லையா மாமா?" என்று பையன்கள் கேட்டார்கள். இருந்தது. உள்நாட்டு ஆட்டம் நிற்கவில்லை. கல்கத்தாவில் டூரண்ட் கோப்பை அதே வாரம் தொடங்கியது. அடி விழுந்தது வெளிநாடு போனவர்கள் மேல். ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகத் தாஷ்கெண்டில் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். அவர்களுக்கு ஓட்டும் கிடையாது, வழக்கும் கிடையாது. அக்டோபரில் இங்கே நடக்க வேண்டிய 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக்கோப்பையும் ஊசலாடியது. நீதிமன்றம் குழுவைக் கலைத்தது, ஆகஸ்ட் 26-ல் தடை நீங்கியது, உலகக்கோப்பையும் பிழைத்தது.

செப்டம்பர் 2-ல் தேர்தல். ஒரு பக்கம் இந்திய அணியின் பழைய கேப்டன் பைச்சுங் பூட்டியா, எதிரில் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே. பூட்டியா படம் ஒட்டாத பையன் அந்தக் காலத்தில் உண்டா? முடிவு 33-க்கு 1. எங்கள் பையன்கள் நம்பவில்லை. நான் நம்பினேன். அன்று ஓட்டு இருந்தது மாநிலச் சங்கங்களிடம். மைதானத்தில் கை தட்டுகிறவர்களிடம் இல்லை. பழைய வீரர்களுக்கு என்று நிர்வாகக் குழுவில் ஆறு இடம் ஒதுக்கினார்கள், நான்கு ஆண், இரண்டு பெண். முன்னாள் வீரர் ஒருவர் தலைவரானது அதுதான் முதல்முறை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கண் போனது பொதுச் செயலாளர் நாற்காலிமேல்தான். தலைவர் தேர்தலில் வருபவர், பொதுச் செயலாளர் சம்பளக்காரர், என்னைப் போல. அந்தச் செப்டம்பரில் நியமிக்கப்பட்ட ஷாஜி பிரபாகரனை 2023 நவம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். செய்தியைப் படித்துவிட்டு அன்று மாலை எங்கள் சங்கத் தலைவர் வந்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டேன்.

பணம் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2010-ல் பதினைந்து வருடத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, வணிக உரிமையை மொத்தமாக ஒரே கையில் கொடுத்தார்கள். இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐஎஸ்எல் அதில் பிறந்ததுதான். 2025-ல் அது முடியும் நேரம் வந்தது, புதுப்பிக்கப்படவில்லை, சீசன் தள்ளிப்போனது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தது. அவர்கள் ஆடும் கண்டீரவா மைதானத்துக்குப் பஸ் ஏறிப் போகும் அக்கா மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே வியாபாரிக்கு மொத்தத் தக்காளியையும் பேசிக் கொடுத்துவிட்டு, அவர் வண்டி வராத காலையில் பாலக்கோடு மண்டி வாசலில் நிற்பவர் முகம் எனக்குத் தெரியும்.

போன மாதம் எங்கள் கிளப்பின் ஆண்டுப் பொதுக்குழு, வற்றிப்போன ஏரிக்குள்ளேயே நடந்தது. பதினாறு பேர் வந்தார்கள், கோரம் இருந்தது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். கோல்கீப்பர் ஒன்பது, ஸ்ட்ரைக்கர் ஏழு. எழுதிக்கொண்டோம். பொருள் எண் 4, வலை வாங்குவது, ஒத்திவைக்கப்பட்டது. பொருள் எண் 5, டீக்கடைப் பாக்கி 340 ரூபாய். அதைச் செயலாளரே கொடுப்பது என்று, என்னைக் கேட்காமலே, ஏகமனதாக ஏற்கப்பட்டது.