மூன்று வீடு, ஆறு தட்டு: வேலூரில் ஒரு தபாஸ் ராத்திரி

ஸ்பெயினில் தபாஸ், அதாவது சின்னச் சின்னத் தட்டில் வருகிற தீனி, சாப்பிடக் கிளம்புகிறவர்கள் ஒரே கடையில் உட்கார்ந்து ராத்திரியை முடிப்பதில்லை. ஒரு கடையில் நின்றபடியே ஒரு கிளாஸ், கூட ஒரு சின்னத் தட்டு. முடிந்ததும் அடுத்த கடை. இது இறாலுக்குப் பேர்போன கடை, அது முட்டை உருளைக்கிழங்குக்கு என்று தெரிந்துவைத்துத்தான் போவார்கள். இப்படிக் கடை கடையாக ஏறி இறங்குவதற்கு அங்கே ‘தபேயோ’ என்று பேர்.

வேலூரில் அப்படிக் கடை வரிசைக்கு எங்கே போவது? ஆனால் காந்தி நகரிலோ சத்துவாச்சாரியிலோ நாலு தெருவுக்குள் மூன்று சிநேகிதர் வீடு இருக்கும். கடைக்குப் பதில் வீடு என்று வைத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. ஆறு பேர், மூன்று வீடு, வீட்டுக்கு இரண்டு தட்டு, வீட்டுக்கு முக்கால் மணி நேரம். ஏழரைக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் முடிந்துவிடும். ஒரே வீட்டில் ஆறையும் செய்யப் போனால் அந்த வீட்டுக்காரர் அடுப்படியை விட்டு வெளியே வர முடியாது, முதலில் பொரித்தது கடைசித் தட்டு வருவதற்குள் நமுத்துக் கிடக்கும். தபாஸ் கெடுவது பெரும்பாலும் சமையலால் அல்ல, இந்தக் காத்திருப்பால்தான்.

அளவு: ஒரு தட்டில் ஆளுக்கு மூன்று வாய். அதற்கு மேல் போனால் அது தபா இல்லை. ஸ்பெயின் மெனுவிலேயே தபா, அரை ராசியோன், ராசியோன் என்று மூன்று அளவு தனித்தனியாக இருக்கும். முழு ராசியோன் நாலு பேர் பகிர்கிற தட்டு. நம் ஊரில் விருந்து என்றாலே குண்டான் நிறையச் செய்கிற கை. அதைக் கொஞ்சம் அடக்க வேண்டும்.

முதல் வீட்டில் சூடு தேவைப்படாதது, இரண்டாவதில் பொரியல், மூன்றாவதில் அடுப்பிலிருந்து நேராக இறங்குவது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது சைவமாக இருக்கட்டும். ஹாம், சோரிசோ இரண்டும் பன்றி இறைச்சி. இந்தப் பக்கத்து நண்பர் கூட்டத்தில் பாதிப்பேர் தொடமாட்டார்கள், விலையும் அதிகம். விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது.

முதல் வீட்டுக்குத் தக்காளி ரொட்டியும் தோர்த்தியாவும். தக்காளி ரொட்டி கத்தலோனியாவின் சாப்பாடு. வறுத்த ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, தக்காளியை அறுத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் விடுவார்கள். நம் பேக்கரி பிரெட் இனிப்பாகவும் பஞ்சாகவும் இருப்பதால் தேய்த்த உடனே தொய்ந்துபோகும். அதனால் பிரெட்டை எண்ணெயில்லாத தோசைக்கல்லில், சின்ன தீயில், இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். மூன்று நாட்டுத் தக்காளியைக் குறுக்கே அறுத்துத் துருவியில் துருவினால் தோல் கையில் தங்கிவிடும். துருவலில் உப்பும் இரண்டு மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் கலந்து, சாப்பிடும் நேரத்தில் அவரவர் கரண்டியால் போட்டுக்கொள்ளட்டும். முன்கூட்டியே தடவி அடுக்கினால் பத்து நிமிஷத்தில் களி.

தோர்த்தியா என்றால் உருளைக்கிழங்கு முட்டை அடை. 600 கிராம் கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், 6 முட்டை. வெங்காயம் போடலாமா கூடாதா என்று ஸ்பெயின்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடுங்கள், அதுதான் ருசி. கிழங்கை 3 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, மூழ்குகிற அளவு ரீஃபைண்டு எண்ணெயில் சின்ன தீயில் 20, 25 நிமிஷம் விட வேண்டும். சிவக்கக் கூடாது, எண்ணெயிலேயே வேக வேண்டும். சிவந்தால் ஓரம் விறைத்து முட்டையோடு சேராது. வடிகட்டி, உப்புப் போட்டு அடித்த முட்டையில் கலந்து கால் மணி நேரம் ஊறவிடுங்கள். இந்தக் கால் மணியைச் சாப்பிட்டுவிட்டால் அடை வெட்டும்போது கிழங்கு தனியாக, முட்டை தனியாக உதிரும்.

22 சென்டிமீட்டர் நான்ஸ்டிக் சட்டி போதும். இரும்புக் கல்லில் வேண்டாம், ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். நாலு நிமிஷத்தில் ஓரம் கெட்டியானதும் சட்டியை விடப் பெரிய, விளிம்பில்லாத தட்டைக் கவிழ்த்து மூடி, ஒரே வீச்சில் திருப்பிவிட்டு, திரும்பச் சட்டிக்குள் சரித்துவிட வேண்டும். தயங்கித் தயங்கித் திருப்பினால் சூட்டு எண்ணெய் மணிக்கட்டில் இறங்கும். அதற்கு முன்பே மிச்ச எண்ணெயை வடித்துவிடுவது நல்லது. நடு முட்டை கொழகொழவென்று இருக்க வேண்டும் என்று கலீசியாவில் ஒரு சாரார் சொல்வார்கள். வேலூர் வெக்கையில் ஒரு மணி நேரம் மேஜையில் இருக்கப்போகிற அடைக்கு அந்த வேலை வேண்டாம், முழுக்க வேகட்டும். ஆறியபிறகு சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பல்குச்சி.

பல்குச்சி அலங்காரத்துக்கு இல்லை. அங்கே எல்லோரும் ஒரே தட்டில் அவரவர் முள்கரண்டியை விடுவார்கள், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. இங்கே எச்சில் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. எவ்வளவு நெருங்கிய கூட்டமானாலும் ஒருவராவது கையை இழுத்துக்கொள்வார், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். துண்டுக்கு ஒரு குச்சி, ஒருமுறை வாய்க்குப் போனது தட்டுக்குத் திரும்பாது. குச்சியில் குத்தித் தருகிற வழக்கம் வடக்கே பாஸ்க் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே இதற்குப் ‘பின்சோ’ என்று பேர்.

இரண்டாவது வீடு. என் ஓட்டு இங்கே வருகிற கத்திரிக்காய்க்குத்தான். கோர்தோபாவிலும் மாலகாவிலும் கத்திரிக்காயை வட்டமாகப் பொரித்து அதன்மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். பாகு என்றால் நம் வெல்லப்பாகுக்குத் தம்பி. கத்திரிக்காய்க்கு நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பு பச்சையாக, முள் விரலைக் குத்துகிற அளவு விறைப்பாக இருந்தால் அன்று பறித்தது. முள் துவண்டிருந்தால் வேண்டாம். முற்றிய காயில் விதையின் கசப்புப் பாகையும் தாண்டி வரும்.

அரை கிலோ காயை 5 மில்லிமீட்டர் வட்டங்களாக அரிந்து, அரை டீஸ்பூன் உப்புக் கலந்த 300 மில்லி குளிர்ந்த பாலில் அரை மணி நேரம் போடுங்கள். காய்க்குள் காற்று இருப்பதால் மிதக்கும். மேலே ஒரு தட்டை வைத்து அமுக்க வேண்டும். காற்று இருந்த இடத்தில் பால் ஏறிக்கொண்டால் பொரிக்கும்போது எண்ணெய்க்கு இடம் குறைகிறது. நேராக எண்ணெயில் போட்ட கத்திரிக்காய் பஞ்சு மாதிரி உறிஞ்சுவது இதனால்தான். பிறகு வடித்து, மைதாவும் கடலை மாவும் சமமாகக் கலந்த உலர்ந்த மாவில் புரட்டி, உதறுங்கள். கரைத்த மாவில் தோய்த்தால் அது பஜ்ஜி. புரட்டியதை வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது, மாவு ஈரமாகிப் பிசுபிசுக்கும்.

எண்ணெய் 180 டிகிரி. மானி இல்லாவிட்டால் ஒரு பிரெட் துணுக்கைப் போடுங்கள், அடியில் தங்காமல் உடனே நுரைத்து மேலே வர வேண்டும். பொரிக்கச் செக்குக் கடலை எண்ணெய் பேஷாகப் போதும். நிலக்கடலை விளைகிற வட ஆற்காட்டில் பொரிப்பதற்கு ஆலிவ் எண்ணெயைச் செலவழிப்பது அநியாயம். ஒரு ஈட்டுக்கு ஏழெட்டு வட்டம், இரண்டரை நிமிஷம். எடுத்ததும் பேப்பரில் போடாதீர்கள். ஆவி அடியில் மாட்டி, கீழ்ப்பக்கம் ஊறிவிடும். சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் பரப்புங்கள்.

பாகுக்கு 100 கிராம் வெல்லம், 60 மில்லி தண்ணீர். கரைந்ததும் வடிகட்டி, நாலு சொட்டு எலுமிச்சை விட்டுக் காய்ச்சி, தேனைவிடக் கொஞ்சம் நீர்த்திருக்கும்போதே இறக்குங்கள். ஆறும்போது கெட்டியாகும். கம்பிப்பதம் வரை விட்டால் அதிரசத்துக்குத்தான் ஆகும். தட்டு மேஜைக்கு வந்தபிறகு, எல்லோர் கண் முன்னாலும், நூலாக ஊற்றி மேலே ஒரு சிட்டிகை உப்பு. அடுப்படியிலேயே ஊற்றிக் கொண்டுவந்தால் வழியிலேயே மொறுமொறுப்புப் போய்விடும். முதல் தட்டு காலியானபிறகே இரண்டாவது ஈடு.

கூட ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைக் கீரை. இது செவில் நகரத்துச் சமாச்சாரம். 200 கிராம் வெள்ளைக் கடலையை ராத்திரியே ஊறவைத்து வேகவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு துண்டு பிரெட், நாலு பல் பூண்டு இரண்டையும் எண்ணெயில் சிவக்க வறுத்து, ஒரு டீஸ்பூன் சீரகம், ஒரு மேஜைக்கரண்டி வினிகரோடு அரைத்தால் அதுதான் மசாலா. பாலக்கை வதக்கி எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிஷம். மத்தியானமே செய்துவைக்கலாம், ஆற ஆற நன்றாக இருக்கும். கரம் மசாலா பக்கம் கை போகும், போகக் கூடாது. போனால் சன்னா மசாலா.

மூன்றாவது வீட்டில் பூண்டு இறால். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், அதனால் காலையில் ஐஸோடு வந்ததை வாங்கி, உரித்து, ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே செய்துவிட வேண்டும். உரித்தபிறகு 300 கிராம். அடுப்புக்குப் போகும்முன் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈர இறால் எண்ணெயில் வெடிக்கும், பொரிவதற்குப் பதில் தண்ணீர் விட்டு வேகும்.

பழகிய சின்ன மண்சட்டியில் 120 மில்லி ஆலிவ் எண்ணெய், மெலிதாகச் சீவிய பத்துப் பல் பூண்டு, கிள்ளிய இரண்டு காய்ந்த மிளகாய். பூண்டை எண்ணெய் காய்வதற்கு முன்பே போட வேண்டும். காய்ந்த எண்ணெயில் போட்டால் ஓரம் கருகி, மொத்தச் சட்டியும் கசக்கும். பூண்டு பொன்னிறத்தைத் தொடும்போது இறால், ஒரு நிமிஷம், திருப்பி இன்னொரு அரை நிமிஷம், அடுப்பை அணைத்துவிடுங்கள். மண்சட்டி சூட்டைப் பிடித்துவைத்திருப்பதால் மிச்சம் மேஜையில் வேகும். இறால் அரைவட்டமாக வளைந்தால் பதம். தலையும் வாலும் முட்டி வளையமாகிவிட்டால் ரப்பர். இறக்கியதைப் பிரிமணை மேல் வையுங்கள். குளிர்ந்த ஈரக் கிரானைட்டில் வைத்தால் சட்டி விரியும், எண்ணெய் மேடை முழுக்க ஓடும். நல்லெண்ணெயில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், பூண்டுக் குழம்பு வாசனை வரும்.

அந்த எண்ணெய்க்காகத்தான் பாதிப்பேர் காத்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துவிட்டால் பிரெட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் தோய்க்கலாம்.

இறால் சாப்பிடாதவர்களுக்குப் பதாதாஸ் பிராவாஸ், அதாவது பொரித்த உருளைக்கிழங்குக்கு மேல் காரச் சாறு. மாட்ரிட் முறையில் தக்காளி கிடையாது. நாலு மேஜைக்கரண்டி எண்ணெயில் ஒரு மேஜைக்கரண்டி மைதாவை வறுத்து, அடுப்பை அணைத்தபிறகு ஒன்றரை மேஜைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், உடனே 250 மில்லி காய்கறி வேகவைத்த தண்ணீர், கொஞ்சம் வினிகர், திரும்ப அடுப்பேற்றிக் கொதிவிடுங்கள். தீ எரியும்போது தூளைப் போட்டால் கருகும். குண்டூர் மிளகாய் போட்டால் அடுத்த தட்டின் ருசி யாருக்கும் தெரியாது.

மேலே பூண்டு மயோனைஸ் வேண்டுமென்றால் பச்சை முட்டையில் அடிக்காதீர்கள். சால்மொனெல்லா கிருமி பயத்தால் ஸ்பெயின் ஓட்டல்களிலேயே 1991 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்குச் சட்டத்தடை. காய்ச்சி ஆறிய பால் 100 மில்லி, ஒரு பல் பூண்டு, உப்பு; மிக்ஸியின் சட்னி ஜாரில் ஓடவிட்டு, 200 மில்லி ரீஃபைண்டு எண்ணெயை நூலாக விட்டால் திரண்டுவிடும். பாலும் எண்ணெயும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், ஜார் சூடேறினால் நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். இல்லையென்றால் மோராகத் திரிந்து நிற்கும்.

குடிக்க: அங்கே மது வேண்டாதவர்கள் ‘மோஸ்தோ’ என்று புளிக்காத திராட்சைச் சாறு கேட்பார்கள். பன்னீர் திராட்சையைப் பிழிந்து சோடா கலந்தால் கிட்டத்தட்ட அதே. ஐப்பசி மழைக்குப் பிறகு மொட்டைமாடியில் உட்காருவதென்றால் டியூப்லைட்டுக்கு ஈசல் வரும். டம்ளரை ஒரு பிரெட் துண்டால் மூடிவையுங்கள். தபா என்ற சொல்லுக்கே மூடி என்றுதான் அர்த்தம். ஈ விழாமல் கிளாஸை மூடிய ரொட்டியிலிருந்துதான் இதெல்லாம் ஆரம்பித்தது என்று ஒரு கதையும் உண்டு.

செலவில் பெரும்பங்கு இறாலும் ஆலிவ் எண்ணெயும் தின்றுவிடும், அது மூன்றாவது வீட்டுக்காரர் தலையில் விழும். ஸ்பெயினில் கிளம்பும்போதே எல்லோரும் சமமாகப் பணம் போட்டு ஒரு பொதுப் பை வைத்துக்கொள்வார்கள், ‘போத்தே’ என்பார்கள். முந்தின நாளே ஒருவர் வசூலித்துவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

துண்டுகளை ஆறின் மடங்காக வெட்டினாலும் கடைசியில் ஒன்று மிஞ்சும். ஆளாளுக்கு ‘நீ எடுத்துக்கோ’ என்பார்கள். அதற்கு ஸ்பெயினில் ‘வெட்கத் துண்டு’ என்றே பேர். அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் முன் அதைத் தூக்கி வாயில் போட்டுக்கொள்வது அந்த வீட்டுக்காரர் பொறுப்பு, தட்டைக் கழுவ வேண்டியவர் அவர்தானே. கடைசி வீட்டில் இனிப்பு வேண்டுமென்றால் ஆற்காடு மக்கன் பேடா, ஆளுக்குப் பாதி. அதற்குப் பல்குச்சி தாங்காது, ஸ்பூன் எடுத்துவையுங்கள்.